வெற்றி ஒரு கடனா?

2021 செப்டெம்பர் 12ஆம் திகதி, அதிகாலை ஒன்றரை மணி. நாடு தனிமைப்படுத்தல் ஊரடங்கில் இருந்தது. பாடசாலை இல்லை. நான் அப்போது தரம் 9. நானாவின் கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, நானும் அவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். உம்மா எழும்பிவிடக் கூடாது என்று சத்தத்தை நன்றாகக் குறைத்திருந்தோம். நியூயோர்க்கில் அப்போது பின்னேரம் நான்கு மணி. அமெரிக்க பகிரங்க டென்னிஸ் தொடரின் பெண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி தொடங்கியது.

எனக்கு டென்னிஸ் தெரியாது. பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏன் எண்ணுகிறார்கள் என்றுகூட விளங்கவில்லை. என்னை விழித்திருக்க வைத்தது ஒரே ஒரு செய்திதான்: ஆடும் இருவரும் பிள்ளைகள். பிரித்தானியாவின் எமா ரடுகானுவுக்கு 18 வயது. கனடாவின் லெய்லா பெர்னாண்டஸுக்கு 19. ரடுகானு அந்த ஆண்டுதான் உயர்தரம் முடித்தவர். கணிதத்தில் ஏ ஸ்டார், பொருளியலில் ஏ. உலகத் தரவரிசையில் 150ஆம் இடத்தில் இருந்த அவர், பிரதான தொடருக்குள் நுழைவதற்கே மூன்று தகுதிகாண் போட்டிகளில் வெல்ல வேண்டியிருந்தது. தகுதிகாண் சுற்று முடிந்ததும் வீடு திரும்புவதற்கு விமானச்சீட்டுப் பதிவு செய்திருந்ததாக அவரே சொல்லியிருந்தார்.

கடைசி ஆட்டத்தில் பந்தை எடுக்கச் சறுக்கி விழுந்து முழங்காலில் இரத்தம் வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, எதிராளி தொடவே முடியாத ஒரு சேர்விஸுடன் போட்டியை முடித்தார். 6–4, 6–3. பத்துப் போட்டிகள், ஒரு செட்டையும் இழக்கவில்லை. தகுதிகாண் சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதலாவது ஆள் அவர். 1977இல் விம்பிள்டனில் வேர்ஜீனியா வேட் வென்றதன் பின்னர், இந்தப் பட்டங்களில் ஒன்றை வென்ற முதலாவது பிரித்தானியப் பெண்ணும் அவரே. நான் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினேன். அன்றிலிருந்து நான் அவருடைய ரசிகை.

சரியாக ஓர் ஆண்டு சென்றது. 2022 அமெரிக்க பகிரங்கத் தொடரின் முதற் சுற்றிலேயே பிரான்ஸின் அலிசே கோர்னேயிடம் ரடுகானு தோற்றார். நான் ஒரு காணொளியின் கீழே எழுதினேன்: “ஒரு நாள் ராணி. இப்போ விளம்பர ராணி.” தமிழில்தான் எழுதினேன். அவர் வாசிக்கப் போவதில்லை என்ற தைரியம். மூன்று பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஆறு சொற்களை எழுதும் உரிமையை எனக்கு யார் தந்தார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டென்னிஸ் என்ற விளையாட்டின் தன்மையைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பார்க்கப்படுவது கிரிக்கெட். அங்கே ஒருவர் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்தாலும் மற்றப் பத்துப் பேர் இருக்கிறார்கள். டென்னிஸ் ஒற்றையரில் ஒருவர்தான். பதில் வீரர் கிடையாது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் 25 செக்கன் மாத்திரமே. அந்த 25 செக்கனுக்குள் முன்னைய பிழையை மறந்து, மூச்சைச் சீராக்கி, அடுத்த பந்தைப் பற்றி நினைக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கு அப்போது அமைதியாக இருக்கும். அந்த அமைதி எவ்வளவு பாரமானது என்பது மேடையில் பேச்சு மறந்து நின்ற பிள்ளைகளுக்குத் தெரியும்.

அதே 2021 ஜூலையில் விம்பிள்டனில் ரடுகானு விளையாடினார். தரவரிசையில் 338ஆம் இடம். சிறப்பு அனுமதியில் வந்தவர். நான்காம் சுற்றுவரை போனார். அங்கே மூச்சு விடச் சிரமப்பட்டு, போட்டியை இடைநடுவில் கைவிட்டார். உடனே தீர்ப்புகள் வந்தன. அழுத்தத்தைத் தாங்க முடியாத பிள்ளை என்றார்கள். மனவலிமை போதாது என்றார்கள். இரண்டு மாதங்களில் அவர் நியூயோர்க்கில் வென்றதும் இரும்பு மனம் படைத்தவர் என்று எழுதினார்கள். ஒரே பிள்ளை, ஒரே கோடைகாலம், இரண்டு தீர்ப்பு. ஒரு மாலை நேரத்தில் ஒருவருடைய நெஞ்சு எப்படி அடித்தது என்பதை வைத்து அவர் எப்படிப்பட்டவர் என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் நாம் திரும்பத் திரும்ப அதைத்தான் செய்கிறோம்.

டென்னிஸ் தரவரிசையில் ஒரு விதி உண்டு. வென்ற புள்ளிகள் 52 வாரங்களுக்கு மாத்திரமே செல்லுபடியாகும். ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு 2,000 புள்ளி. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அந்தப் புள்ளிகள் கழிக்கப்படும். புதிதாக உழைத்ததுதான் மிஞ்சும். அதனால்தான் 2022இல் அந்த முதற் சுற்றுத் தோல்வியோடு ரடுகானு 83ஆம் இடத்துக்குச் சரிந்தார். இது கடுமையான விதி. ஆனாலும் இதில் ஒரு நீதி இருக்கிறது. கணக்கு எல்லோருக்கும் ஒன்று. 52 வாரம் முடிந்தால் தீர்ந்தது. ரசிகர்களின் கணக்கு அப்படியல்ல. அது தீர்வதே இல்லை. “நீ ஒரு முறை எங்களை மகிழ்வித்தாய், ஆகவே இனி எப்போதும் மகிழ்விக்க வேண்டும்” என்பதே அந்தக் கணக்கு. ஒருவர் தன் உழைப்பால் அடைந்த வெற்றியை, அவர் எங்களுக்குத் தர வேண்டிய கடனாக மாற்றிவிடுகிறோம். வட்டியையும் நாங்களே தீர்மானிக்கிறோம்.

2023இல் ரடுகானுவுக்கு இரண்டு மணிக்கட்டுகளிலும் ஒரு கணுக்காலிலும் சத்திரசிகிச்சை நடந்தது. பல மாதங்கள் விளையாடவில்லை. அந்த ஆண்டில் அவர் ஒரு நேர்காணலில், அமெரிக்க பகிரங்கப் பட்டத்தை வென்றிருக்கவே கூடாது என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு என்று சொன்னார். அதை வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நான் நித்திரை விழித்து, வாயைப் பொத்திக்கொண்டு கொண்டாடிய அந்த இரவு, அவருக்கு வேண்டாத ஒன்றாகியிருந்தது.

நயோமி ஒசாகாவுக்கு நடந்ததும் இதற்கு நெருக்கமானது. 2018 அமெரிக்க பகிரங்க இறுதிப் போட்டியில் அவர் செரினா வில்லியம்ஸை வென்றார். அவருக்கு அப்போது 20 வயது. நடுவர் செரினாவுக்கு விதித்த தண்டனைகளால் கோபம் கொண்ட பார்வையாளர்கள், பரிசளிப்பின்போதும் கூச்சலிட்டனர். கூச்சல் ஒசாகாவை நோக்கியதல்ல. ஆனால் மேடையில் நின்றவர் அவர். தொப்பியின் முன்பக்கத்தை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். வாழ்நாளின் முதலாவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தைக் கையில் வாங்கும்போது மன்னிப்பும் கேட்டார். மூன்று ஆண்டுகளின் பின், 2021 பிரெஞ்சு பகிரங்கத் தொடரில், செய்தியாளர் சந்திப்புகளுக்குப் போகமாட்டேன் என்று அறிவித்தார். 15,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தொடரிலிருந்தே விலகிக்கொண்டார். விலகும்போதுதான், 2018இலிருந்து நீண்ட காலம் மனச்சோர்வால் அவதிப்பட்டதாக எழுதினார். பலர் ஆறுதல் சொன்னார்கள். சிலர் செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை என்றார்கள்.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். என் நானா அதைத்தான் சொல்வார்: “இவங்களுக்குக் கோடிக்கணக்கில காசு. ரடுகானுவுக்கு அந்த ஒரு தொடருக்கே 25 இலட்சம் டொலர். நகை, கார் என்று எல்லா விளம்பரத்திலயும் முகம். காசு குடுக்கிறது ரசிகர். ரசிகர் ரெண்டு வார்த்தை பேசினா என்ன?” இதில் உண்மை இல்லாமலில்லை. விளையாட்டு வீரர் பொதுமேடைக்கு வருகிறார். அவருடைய ஆட்டத்தை விமர்சிக்கலாம். ‘இரண்டாவது சேர்விஸ் பலவீனமாக இருக்கிறது’, ‘பயிற்றுநர்களை அடிக்கடி மாற்றுவது நல்லதல்ல’ என்று சொல்வது விமர்சனம். செய்தியாளர்களுக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. மற்ற வீராங்கனைகள் தோற்ற நாளிலும் அந்த மேசைக்கு வந்து பதில் சொல்கிறார்கள்.

ஆனால் நான் எழுதிய ஆறு சொற்களில் ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. அன்று அவர் எப்படி ஆடினார் என்று எனக்குத் தெரியாது; போட்டியைப் பார்க்கவும் இல்லை. முடிவை மட்டும் பார்த்தேன். அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். விமர்சனத்துக்கும் வசைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். விமர்சிப்பவர் ஆட்டத்தைப் பார்த்திருப்பார். வசைபாடுபவருக்கு அது தேவைப்படாது.

இந்த வசை எவ்வளவு பெரியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனமும் பெண்கள் டென்னிஸ் சங்கமும் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024ஆம் ஆண்டில் 458 பேரைக் குறிவைத்து ஏறத்தாழ 8,000 வசை, மிரட்டல் பதிவுகள் கண்டறியப்பட்டன. அவற்றில் 40 சதவீதத்தை எழுதியவர்கள் பந்தயத்தில் பணம் கட்டித் தோற்றவர்கள். ஒரு பெண் தோற்றால் தங்கள் காசு போய்விட்டதென்று, அவளுடைய தாய்க்கும் தந்தைக்கும் சாவு வேண்டுபவர்களும் இவர்களுக்குள் உண்டு. சூது மனிதனை எந்த இடத்துக்குக் கொண்டுபோகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். ஆனால் இதைக் காட்டி நாம் தப்பிக்கொள்ளவும் முடியாது. மிச்சம் 60 சதவீதம் இருக்கிறது. அதற்குள்ளே காசு கட்டாமலே திட்டியவர்களும் இருக்கிறார்கள். நான் சாவு வேண்டவில்லை, மிரட்டவுமில்லை. என் ஆறு சொற்கள் அந்த 8,000இல் சேர்ந்திருக்காது. ஆனால் அவை புறப்பட்ட இடம் அதே இடம்தான்.

வெறுப்பு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் அதுவும் பிழை. அன்பு என்று நாம் பெயர் வைப்பதும் ஆபத்தாகலாம். 1993 ஏப்ரல் 30, ஜேர்மனியின் ஹம்பர்க் நகரம். உலகின் முதல்நிலை வீராங்கனை மொனிக்கா செலஸ், ஆட்ட இடைவேளையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வயது 19. அதற்குள் எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றிருந்தார். பார்வையாளர் பக்கமிருந்து ஒருவன் குனிந்து அவருடைய முதுகில் கத்தியால் குத்தினான். அவன் ஸ்டெஃபி கிராஃபின் ரசிகன். கிராஃப் மீண்டும் முதலிடத்துக்கு வர வேண்டும் என்பதே அவனுடைய ஆசை. காயம் சில வாரங்களில் ஆறியது. பயம் ஆறவில்லை. செலஸ் மீண்டும் போட்டிக்கு வர 1995 ஒகஸ்ட் வரை சென்றது. அதன் பிறகு அவரால் வெல்ல முடிந்தது ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டம்.

ரடுகானுவும் இதற்குத் தப்பவில்லை. ஒருவர் 37 கிலோமீற்றர் நடந்தே அவருடைய வீட்டைத் தேடிப் போனார். பூ வைத்தார், கடிதம் வைத்தார், இன்னொரு நாள் வாசலில் கிடந்த சப்பாத்து ஒன்றை ரடுகானுவுடையது என்று நினைத்து நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றார். அது அவருடைய தந்தையின் சப்பாத்து. 2022இல் நீதிமன்றம் அவர் நெருங்குவதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. 2025 பெப்ரவரியில் டுபாயில் இன்னொருவர். முதல் நாள் நேரில் வந்து கடிதம் கொடுத்தவர், மறுநாள் போட்டியின்போது முன்வரிசைகளில் இருந்தார். அவரைக் கண்டதும் ரடுகானு நடுவரின் உயர்ந்த கதிரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அழுதார். எதிரே ஆடிக்கொண்டிருந்த கரோலினா முச்சோவா நடந்து வந்து ஆறுதல் சொன்னார். எங்களைப் போன்ற வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

இனி எங்களில் பலருக்கும் நெருக்கமான ஒருவர். துனீசியாவின் ஒன்ஸ் ஜாபிர். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிப் போட்டிக்கு வந்த முதலாவது அரபுப் பெண். எங்கள் வீட்டில் டென்னிஸே பார்க்காத வாப்பாவும் சாச்சாவும் அவருக்காக உட்கார்ந்தார்கள். 2022 விம்பிள்டன் இறுதியில் தோற்றார். அதே ஆண்டு அமெரிக்க பகிரங்க இறுதியிலும் தோற்றார். 2023 விம்பிள்டன் இறுதியிலும் மார்க்கெட்டா வொன்ட்ரூசோவாவிடம் தோற்றார். தன் வாழ்க்கையின் மிக வேதனையான தோல்வி என்று சொல்லி அழுதார். வேல்ஸ் இளவரசி அவரை அணைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சாச்சா, “மூணாவது முறையும் விட்டுட்டாளே” என்று எழுந்து போனார். அவரும் மோசமானவர் அல்ல. அவ்வளவு ஆசைப்பட்டிருந்தார். ஆனால் ஆசைப்பட்டவர் அவர், ஆடியவர் ஜாபிர்.

துனீசியர்கள் ஜாபிருக்கு வைத்த செல்லப்பெயர் ‘மகிழ்ச்சி அமைச்சர்’. எப்போதும் சிரித்த முகம். அன்போடு வைத்த பெயர்தான். 2025 ஜூலையில் அவர் விளையாட்டிலிருந்து சிறிது காலம் விலகுவதாக அறிவித்தார். ஆடுகளத்தில் தான் மகிழ்ச்சியாக இருந்து நீண்ட நாளாகிறது என்பதே அவர் சொன்ன காரணம். மகிழ்ச்சி அமைச்சருக்கு மகிழ்ச்சி இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

விலகிப் போவதே தோல்வி என்றும் நாம் நினைக்கிறோம். அவுஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 15 வயதில் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்றவர். எதிர்பார்ப்பின் பாரம் தாங்காமல் 2014இல் டென்னிஸை விட்டார். பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். 2016இல் தன் விருப்பத்தோடு திரும்பி வந்தார். பின்னர் மூன்று கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள். 2022இல் உலகின் முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில் ஓய்வு பெற்றார். போனதும் வந்ததும் மீண்டும் போனதும் அவருடைய தீர்மானம்.

இவ்வளவையும் நான் எப்படி யோசிக்கத் தொடங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். புலமைப்பரிசில் பரீட்சையில் நான் வலயத்தில் முதலிடம். சந்தியில் பதாகை கட்டினார்கள். பத்து வயதுப் பிள்ளையின் முகம், ‘எமது ஊரின் பெருமை’ என்ற எழுத்து. அந்தப் பதாகை மழையில் கிழிந்து பல வருடம். ஆனால் என் சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று அது மீண்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. 5 ஏ, 3 பீ, கணிதத்தில் சீ. “என்ன மகள், இவ்வளவுதானா? அஞ்சாம் ஆண்டுல வலயத்துக்கே முதலா வந்த புள்ள!” என்று கேட்டவர்களில் யாரும் எனக்குக் கெடுதி நினைப்பவர்கள் அல்லர். வாப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடைக்கு இரண்டு நாள் போகவில்லை. அது எனக்கு ஏச்சைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த இரவில்தான் எனக்கு அந்த ஆறு சொற்கள் நினைவுக்கு வந்தன. காணொளியைத் தேடிப் பிடித்து அழித்தேன். இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

உம்மம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரையாவது புகழ்ந்தால் உடனே “மாஷா அல்லாஹ் சொல்லு” என்பார். புகழ்ச்சியிலும் கண்ணூறு இருக்கிறது என்பது அவருடைய பயம். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது விளங்குகிறது. ஒருவருடைய திறமை எங்களுடைய சொத்தல்ல, அவருக்கு அருளப்பட்டது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் புகழ வேண்டும். அப்படிப் புகழ்பவர் மறுநாள் கணக்குக் கேட்க வரமாட்டார்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வென்றால் மகிழுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள். ஆனால் அந்த வெற்றி அந்த நாளோடு முழுமையாகட்டும். அடுத்த பரீட்சைக்கு அதைப் பிணையாக வைக்காதீர்கள். தோழியரிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் விரும்பும் வீராங்கனை தோற்றால், எழுதுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: நான் ஆட்டத்தைப் பார்த்தேனா, முடிவை மட்டும் பார்த்தேனா?

இதை எழுதலாமா என்று வாப்பாவிடம் கேட்டேன். தேநீர்க் கடை விடயத்தையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எழுது” என்றார்.

ரடுகானு இன்னும் விளையாடுகிறார். முந்நூறுக்கு அருகே சரிந்த தரவரிசையிலிருந்து ஏறி, 2025இல் மீண்டும் முதல் ஐம்பதுக்குள் வந்தார். இரண்டாவது கிராண்ட் ஸ்லாம் பட்டம் இன்னும் இல்லை. இனிக் கிடைக்காமலும் போகலாம். அடுத்த முறை அவர் ஆடும்போது நானும் நானாவும் பார்ப்போம். வென்றால் துள்ளுவேன். தோற்றால் தொலைபேசியை மூடிவிட்டுப் படுக்கப் போவேன்.